உண்ணாமேடு பதினைந்து

நம்ப மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குக் கதை சொல்ல எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. வேலாங்குறிச்சி பேரூராட்சி ஆபீசுக்கு நேர் எதிரே பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் நான். அந்த ஆபீசுக்குள்ளே போன காகிதம், வெளியே வந்த காகிதம், போகவும் முடியாமல் வரவும் முடியாமல் வாசல்படியில் காய்ந்து கிடந்த காகிதம் அத்தனையும் என் மிஷின் வெளிச்சத்தில் ஒரு தடவையாவது குளித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. ஆகவே, பதினைந்தாவது வார்டில் நாற்பத்து மூன்று வீட்டு ஜனங்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பெயர் போனதையும், போன பெயரெல்லாம் ஒன்பதாம் நாளுக்குள் திரும்பி வந்ததையும், ஒரே ஒரு பெயர் மட்டும் வரமாட்டேன் என்று ஒரு பொம்பிளையின் நாக்குக்கு அடியில் உட்கார்ந்து அடம்பிடித்ததையும் என்னைவிட ஒழுங்காகச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. மங்கையர்க்கரசி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஜெராக்ஸ் அக்கா என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் தவசி. ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், நல்ல பையன்தான், நாற்பது வயதாகிறது, ஆனாலும் எனக்குப் பையன்தான். மகளுக்குக் காது குத்தினான். குத்தியதை வீடியோ எடுத்தான். எடுத்த வீடியோவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாருக்கும் காட்ட ஆசைப்பட்டான். இடம் பற்றவில்லை என்று மிஷின் சொன்னது. எதை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டே போனவன் கண்ணில் 'கன்ட்ரோல் ஃபைல்' என்று ஒன்று தட்டுப்பட்டது. "கன்ட்ரோல் பண்ணத்தான் செயல் அலுவலர் இருக்காரே, இது எதுக்குத் தண்டமா" என்று அழித்துவிட்டான். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது.

கன்ட்ரோல் ஃபைல் என்றால் என்ன என்று பின்னால் மதுரையிலிருந்து வந்த பிள்ளை எனக்கு விளக்கிச் சொன்னதை நான் உங்களுக்கு என் மாதிரியில் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவர் சோறும் ஆக்க மாட்டார், இலையும் போட மாட்டார், ஆனால் எந்த வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எது வரைக்கும் பாயசம் போயிருக்கிறது, எந்த அண்டாவில் என்ன மிச்சம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். அவர் காணாமல் போனால் சோறு இருக்கும், குழம்பு இருக்கும், ஆட்களும் இருப்பார்கள், ஒருத்தரும் சாப்பிட முடியாது. அந்த மாதிரி, ஊர் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது, எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

"பேக்கப் இருக்குக்கா" என்று தவசி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தான், "பீரோவுல பத்திரமா இருக்கு."

பத்திரமாகத்தான் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஆபீசர் அதை ஒரு சிடியில் எடுத்து, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கோ என்று தவசியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக எடுக்க வேண்டும் என்றும் சொல்லித்தான் போனார். இவன் பார்த்துக்கொண்ட லட்சணம் என்னவென்றால், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தச் சிடியை வெளியே எடுத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, சூடம் காட்டி, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடியும் மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிடுவான். கும்பிட்ட சாமியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க யாருக்கு மனசு வரும்? ஏழு ஆயுத பூஜை ஆன அந்தச் சிடியின் சந்தனத்தை நான்தான் என் கடை ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன், ஆகவே பாவத்தில் எனக்கும் பங்குண்டு. பதினொன்று இருபதுக்குச் சிடியைப் போட்டான், கம்ப்யூட்டர் கண்ணைத் திறந்தது.

அதே நிமிஷம் பதினைந்தாவது வார்டில், கிழக்குப் புதுநகரில், ஒரு தாய் தெருவில் விளையாடுகிற மகனைக் குளிக்கக் கூப்பிட வாயைத் திறந்தாள், அவன் பெயர் வரவில்லை, "ஏல, உண்ணாமேடு!" என்று வந்தது. தெருவில் இருந்த பதினோரு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி என்ன இவள் புதுசாக வைகிறாளே என்று எட்டிப் பார்த்து அவளைப் பெயர் சொல்லிக் கேட்கப் போனாள், அவள் வாயிலும் "என்ன உண்ணாமேடு" என்றுதான் வந்தது. கேட்டவளும் உண்ணாமேடு, பதில் சொன்னவளும் உண்ணாமேடு, இடையில் போன தபால்காரர் கையில் இருந்த கடிதங்கள் அத்தனையும் உண்ணாமேடு, பதினைந்தாவது வார்டு, வேலாங்குறிச்சி. ஏழு வருஷத்துக்கு முந்தைய பந்திக்காரருக்கு ஊரில் பதினாலு வார்டுதானே தெரியும்? பதினைந்தாவதை அவர் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றைக் கண்டால் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் 'UNNAMED', அதாவது பெயரற்றது, என்று போட்டுப் பக்கத்தில் எண்ணைப் போடுமாம், அதைத்தான் தவசி எழுத்துக் கூட்டி உண்ணாமேடு என்று வாசித்தான், ஊர் வாயும் தவசி இங்கிலீஷையே பிடித்துக்கொண்டது.

வேறு ஊராக இருந்தால் டிவிக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் பழகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து உண்ணாமேடு என்று ஒரு தடவை சொல்வார், பதினேழு பிள்ளைகள் சேர்ந்து உள்ளேன் ஐயா என்று கத்தும், வராத பிள்ளைக்கும் சேர்த்து. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்பதை விட்டுவிட்டு "சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று முடித்துவிடுவார். வார்டு பையன்கள் கிரிக்கெட் ஆடினால் உண்ணாமேடு போட்ட பந்தை உண்ணாமேடு அடித்து உண்ணாமேடு பிடித்தான் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த பையன் தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வரவே இல்லை. என் கடைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. திருநிறைச்செல்வன் உண்ணாமேடு, திருநிறைச்செல்வி உண்ணாமேடு என்று போட்டுக் கொடுத்தேன், ஒரே பெயராக இருப்பதால் பொருத்தம் பிரமாதம் என்று சம்பந்தி வீட்டார் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். இதில் இன்னொரு விசேஷம், அந்த வார்டில் சண்டையே நின்றுபோனது. பெயரைச் சொல்லி ஏசினால்தானே சண்டை? உண்ணாமேடு நாசமாப் போக என்று மண்ணை வாரித் தூற்றினால் அது தனக்கும் சேர்த்துத்தான் என்று இரண்டாம் நாளே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் எத்தனை நாளைக்கு? பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது, பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, காகிதத்தில் அந்த ஏழு வருஷத்தில் எழுதின பெயரெல்லாம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. வியாழக்கிழமை காலையில் மதுரையிலிருந்து ஃபர்ஹானா என்ற பிள்ளை வந்திறங்கினாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சேமிப்பைப் பிழைக்க வைப்பதுதான் அவள் தொழில். வந்ததும் முதல் வேலையாக நாலு இட்லியும் மூன்று வடையும் சாப்பிட்டாள், இரண்டாவது வேலையாகத் தவசியை ஏசினாள், அதனால் எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

"பழைய கன்ட்ரோல் ஃபைலைப் போட்டா மட்டும் போதாதுண்ணே" என்றாள். "அதுக்கு ஏழு வருஷமா நடந்தது ஒண்ணும் தெரியாது. நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம, வரிசையா, அதுக்குச் சொல்லிக் காட்டணும். நடந்ததைக் குறிச்சு மாசாமாசம் மிஷின் லாக் எழுதியிருக்குமே, அது எங்க?"

அது மட்டும் தவசி தூக்கிப் போடவில்லை. பிஸ்கட் டின்னில் எண்பத்து நாலு மாத லாக் சிடிகளாக இருந்தது, பூஜை போடாமல். ஃபர்ஹானா ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தாள். மிஷின் அடுத்ததைக் கேட்கும், இவள் கொடுப்பாள், அது வாசித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும், பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி. நடுவில் பதினைந்தாவது வார்டில் ஒரு வீடு குடிவந்த மாதத்தை எட்டினால் மட்டும் டக்கென்று நின்றுவிடும். இது யார் என்று எனக்குத் தெரியாது, சரியான பெயரைச் சொன்னால் மேலே போகிறேன் என்று நிற்கும். சரியான பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் ஊர் வாயில் திரும்பி வரும், தப்பான பெயரைச் சொன்னால் ஏற்காது.

சரியான பெயர் யாருக்குத் தெரியும்? அப்போதுதான் எவளுக்கோ பாத்திரம் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு வாங்கின எவர்சில்வரில் பெயர் வெட்டியிருக்கும் இல்லையா, அது ஏழு வருஷத்துக்கு முந்தியது, அழியவில்லை! அவ்வளவுதான், வெள்ளிக்கிழமையிலிருந்து பேரூராட்சி ஆபீஸ் வாசலில் குடம், தூக்குச்சட்டி, சம்படம், போகணி, இட்லிக் கொப்பரை என்று கல்யாண வீடு மாதிரி வரிசை. ஆனால் நம் ஆட்கள் வெட்டுகிறது வாங்கினவர் பெயரையா? கொடுத்தவர் பெயரையல்லவா! ஒருத்தர் குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பெயர் அன்பளிப்பு என்று அடித்துச் சொன்னார், மிஷின் முடியாது என்றுவிட்டது. இன்னொருத்தர் தாய்மாமன் என்றார். பிச்சம்மாள் என்ற தன் பெயரை ஜென்மத்துக்கும் பிடிக்காத ஒருத்தி, இதுதான் சமயம் என்று பக்கத்து வீட்டுத் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து நான்தான் ரோஷிணி என்று நின்றாள். மிஷின் மூன்று தடவை மறுத்த பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே சொந்தக் கரண்டியை நீட்டினாள். இப்படியே ஒவ்வொரு வீடாகத் திரும்பி வந்தது, வரவர அந்த வார்டில் சண்டையும் திரும்பி வந்தது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் எண்பத்து நாலும் முடிந்தது. மிஷின் எண்பத்து ஐந்தாவதைக் கேட்டது. டின் காலி. தவசி போதும் என்று நினைத்து 'ரத்து' அடிக்கக் கையை நீட்டினான், ஃபர்ஹானா அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"இது இந்த மாச லாக்குண்ணே! இன்னும் டின்னுக்கு வரலை, மிஷினுக்குள்ளேயே இருக்கு. இதைக் காட்டலைன்னா கடைசி மாசம் நடந்ததே இல்லைன்னு ஆயிரும்."

காட்டினாள். ஓடியது. நின்றது. நாற்பத்து மூன்றாவது வீடு. அந்த மாதம்தான் குடிவந்த வீடு. அதில் இருக்கிறது இரண்டு பேர், ஒன்று கோமு, இன்னொன்று அவள் புருஷன்.

கோமு புருஷனைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறந்துவிடுகிறவர், ஐந்து வருஷமாகப் பம்ப் ரூமிலேயே குடித்தனம் இருந்தவர், பம்ப் ரூம் எந்த வார்டுக் கணக்கிலும் சேராது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அரை மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடுகிற மனுஷன். அந்த மாதம்தான் ஆசை ஆசையாகக் கிழக்குப் புதுநகரில் இரண்டு அறை வீடு பார்த்துப் போனார், போன சூட்டில் பெயர் போயிற்று. கோமு பெயருக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கின ஒரு டம்ளரில் கோமதி என்று பொறித்திருந்தது, எண்ணிப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். அவருக்குத்தான் பாத்திரமே கிடையாது. இரண்டு பேரும் டைப்ரைட்டிங் வகுப்பில் பார்த்து, பிடித்து, ஒரு பையோடு பஸ் ஏறி ஓடிவந்து கட்டிக்கொண்டவர்கள். ஓடிவந்த கல்யாணத்துக்கு யார் குடம் வைத்துக் கொடுப்பார்கள்? இருபத்தாறு வருஷமாக இரண்டு வீட்டிலும் முகத்தில் முழிப்பதில்லை, போன் போட்டால் கட் பண்ணுகிறார்கள். சான்றிதழெல்லாம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. அவருக்கே அவர் பெயர் தெரியவில்லை.

தெரிந்தது ஒரே ஆளுக்கு, அது கோமுதான். மிஷின் தின்றது எல்லாம் ஊர் வாயில் புழங்கின பெயர்களை. கோமுவோ புருஷன் பெயரை இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. வகுப்பில் பார்த்த நாளிலிருந்தே, அவர் தட்டின மிஷின் எண்ணை வைத்து, மூணாம் மிஷின் என்றுதான் கூப்பிடுவாளாம், தாலி ஏறினதும் அவிய, இவிய என்றாகிவிட்டது. மற்ற பெண்டாட்டிமார் எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற காலத்துப் பெண்டாட்டிமார், கூப்பிடாதவர்களும் கோபத்தில் ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்தவர்கள். இவள் ஒருத்தியிடம்தான் பெயர் வைத்த இடத்தில், உறை பிரிக்காமல் இருந்தது.

"சொல்லுங்கக்கா, அவ்வளவுதான், முடிஞ்சது" என்றாள் ஃபர்ஹானா.

"சொல்ல மாட்டேன்" என்றாள் கோமு.

"எழுதியாவது கொடுங்க."

"எழுதணும்னாலும் உள்ளுக்குள்ள சொல்லித்தான எழுதணும்? மாட்டேன்."

ஊர் முழுக்க ஆபீசுக்குள் வந்துவிட்டது. செயல் அலுவலர் கெஞ்சினார், கவுன்சிலர் அதட்டினார், அவள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எல்லாரும் படுத்துகிற பாடு தாங்காமல், சொல்லத்தான் மாட்டேன், காட்டுகிறேன், புரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தாள். மேஜைமேல் ஃபர்ஹானாவுக்காகக் கொண்டுவந்த பால் டம்ளரைத் தொட்டுக் காட்டினாள். என் கடையிலிருந்து கலர் பென்சில் பெட்டியை வாங்கி, சிவப்பிலிருந்து ஊதா வரைக்கும் விரலால் ஒரு தடவு தடவிக் காட்டினாள்.

"பால் பென்சில்!" என்றான் தவசி.

"அறிவு கெட்டவனே, அப்படி ஒரு பேரா?" என்றேன் நான். "டம்ளர்... டம்ளர்சாமி?"

"ஆவின்!" என்றார் கவுன்சிலர்.

வெள்ளைச்சாமி, மாடசாமி, கோபால், கோகுலகிருஷ்ணன், ஓவியர், சுண்ணாம்பு வரைக்கும் போனோம். உலகத்தில் இருக்கிற பெயரெல்லாம் எங்களுக்கு வந்தது, அந்த ஒரு பெயர் இருந்த இடம் மட்டும் எல்லார் தலையிலும் துடைத்து வைத்திருந்தது. கோமுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, இதை இன்னும் எப்படிக் காட்ட? பாலு! கலரு! ரெண்டையும் சேத்து நல்ல தமிழ்ல சொல்லுங்களேன்! பச்சப்புள்ள சொல்லிரும்" என்று பென்சில் பெட்டியை மேஜையில் அடித்தாள். பச்சைப்பிள்ளையும் ஒன்று அங்கே இருந்தது, அது உண்ணாமேடு என்றது.

அப்போது மிஷினுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஃபர்ஹானா முகம் மாறிவிட்டது. டிஸ்க் போகப் போகிறது, அஞ்சு மணிக்குள் சேமிப்பைத் திறந்து புதுக் காப்பி எடுக்க ஆரம்பிக்கவில்லை என்றால் ஊர் மொத்தமும் உண்ணாமேடுதான் என்றாள். கடிகாரத்தில் மணி மூன்றரை. கோமுவின் கையைப் பிடித்து என் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன், ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"கோமு, உனக்கு என்ன கொழுப்பா?"

"உங்களுக்கு என்ன மதினி தெரியும்" என்றாள், சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எங்க அம்மை எங்க ஐயா பேரை ஒரே ஒரு தடவைதான் சொன்னா. ஆஸ்பத்திரியில நர்ஸு அதட்டுனான்னு பயந்து சொன்னா. ஆறாம் மாசம் ஐயா போயிட்டாவ. அவிய ஆயுச நான்தான் குறைச்சேன்னு சாகுற வரைக்கும் தலையில அடிச்சுக்கிட்டா. போன மார்கழியில இவிய தொட்டிப் படியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாவல்லா, ஆஸ்பத்திரியில பேரு என்ன பேரு என்னன்னு கத்துதாவ, நான் வாயத் திறக்கலியே, ரேஷன் கார்டைத்தான் நீட்டுனேன். பொழைச்சு வந்தாவளா இல்லியா? இப்போ நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங்கு வச்சிருக்கு. நான் எப்படிச் சொல்ல?"

அது எல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கும் தெரியும், சொல்லியிருக்கவும் செய்வேன், ஒரு சிடிக்குச் சந்தனம் வைத்ததில் ஊரே பெயரை இழந்து நிற்கிற வாரத்தில் அதைச் சொல்ல என் வாய் எழும்பவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலேமுக்காலுக்குத் திரும்பப் போனோம். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், வால்வுச் சாவியைக் கையில் பிடித்தபடி. எங்களுக்கு முன்னாலேயே ஃபர்ஹானாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எம்மா, எனக்காக நீ ஊரைக் காக்க வைக்காத. என் வீட்டை விட்டுட்டு மத்ததைத் திறந்துரு. எனக்குப் பேரு இல்லாட்டா என்ன, தண்ணி விடுறதுக்குப் பேரு எதுக்கு? இவ பயப்படுதா. பாத்தா எனக்குத் தாங்கல."

"இல்லண்ணாச்சி, திறந்துட்டா திறந்ததுதான்" என்றாள் ஃபர்ஹானா. "பழைய கன்ட்ரோல் ஃபைலை வச்சு மீட்டா, திறக்கும்போது லாக் எல்லாத்தையும் பூஜ்யமாக்கித்தான் திறக்கணும். எண்ணிக்கை மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். இதுக்கு முந்தி நடந்த எதுவும் அதுக்கப்புறம் செல்லாது. நாளைக்கு அக்கா மனசு மாறிச் சொன்னாலும் சேராது. நீங்க காலத்துக்கும் இப்படியேதான் இருப்பீங்க."

"இருந்துட்டுப் போறேன்."

மிஷின் மறுபடியும் கரகரத்தது. கோமு என் கையை உதறிவிட்டு மேஜைப் பக்கம் போனாள்.

"எம்மா, இப்போ என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"காலத்துக்கும் இப்படியே..."

"அது இல்ல. அதுக்கு முந்தி. எண்ணிக்கை."

"ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும்கா."

"முந்தி நடந்தது?"

"செல்லாது."

"எதுவுமா?"

"எதுவும்."

"திறக்குறதுக்கு ஒரு நிமிஷம் முந்தி ஒருத்தி ஒரு பேரைச் சொன்னான்னு வையி. அது எந்தக் கணக்கு? பழசா, புதுசா?"

ஃபர்ஹானா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே அவளை மிரட்டினேன். மிரட்டியிருக்க வேண்டியதில்லை, அந்தப் பிள்ளை பொய் சொல்லவும் இல்லை.

"பழைய கணக்குதான்கா" என்றாள். "பேர் வந்து சேரும். சொன்னது கணக்குல இருக்காது."

கோமு சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். புருஷனுக்கு நேராகத் திரும்பி நின்றாள். உதடு இரண்டு தடவை சும்மா அசைந்தது, புதுப் பூட்டில் சாவி திருகுகிற மாதிரி, அப்புறம் வந்தது.

"பால்வண்ணம்" என்றாள்.

ஃபர்ஹானாவின் விரல் ஓடியது. மிஷின் ஏற்றுக்கொண்டது, மீதி ஓடி முடிந்தது, மீட்பு நிறைவுற்றது என்று எழுத்து வந்தது. அடச்சீ, பால்வண்ணம்! பாலும் வண்ணமும்! கூட்டம் மொத்தமும் தலையில் அடித்துக்கொண்டது, கவுன்சிலர் நான் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார், பால்வண்ணம் அண்ணாச்சி, பால்வண்ணம் மாமா என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோமுவையே பார்த்துக்கொண்டு நின்றார், கையிலிருந்த சாவி நழுவிக் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

ஃபர்ஹானா கடைசிக் கட்டளையை அடித்து முடித்து, என்டரை அமுக்க விரலைத் தூக்கினாள். மணி நாலு ஐம்பது.

"பொறு, அமுக்காத" என்றாள் கோமு.

"எதுக்குக்கா?"

"இப்பவும் பழைய கணக்குதான?"

"ஆமா..."

"அஞ்சுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்லா? நீ அமுக்காத."

சொல்லிவிட்டு மறுபடியும் பால்வண்ணம் என்றாள். அவர் ஆங் என்றார். பால்வண்ணம் என்றாள், இந்தத் தடவை சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. ஆங் என்றார். பால்வண்ணம், மழை வருது துணியை எடுங்க என்கிற மாதிரி. பால்வண்ணம், எங்க போனிய இவ்வளவு நேரம் என்கிற மாதிரி. ஏல பால்வண்ணம் என்று ஒரு தடவை, சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவர் அதற்கும் ஆங் என்றார். பஸ் ஏற நின்ற அன்றைக்குக் கூட்டத்தில் அவரைக் காணாமல் தேடினாளாமே, அன்றைக்குத் தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள், அதையும் கத்திக் கூப்பிட்டாள், பால்வண்ணம்! ஆஸ்பத்திரி வராந்தாவில் கூப்பிடாததையும் கூப்பிட்டாள், அதை மட்டும் மெதுவாக. இருபத்தாறு வருஷத்தை இவள் பத்து நிமிஷத்துக்குள் எப்படிச் சொல்லி முடிப்பாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. செயல் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் பேசாமல் இரும் வே என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அஞ்சு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஃபர்ஹானா, கண்ணைத் துடைக்கக்கூட விரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், "அக்கா, போதுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் கோமு.